எட்டு சதவீதம்

ஃபோஜாவிலிருந்து வந்த கடிதம்
இன்னும் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தில் தொங்குகிறது:
அறுபத்தேழாம் எண் வயலில்
நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே கொழு இறங்கக் கூடாது.
கிணறு கூடாது. குழாய் கூடாது.
ஆலிவ் கன்று கூடாது, அதற்கு வேர் உண்டு.
கோதுமை போடலாம்.

போட்டேன்.
பிப்ரவரியில் ஒரு மழை, தொப்பி நனையும் அளவுக்கு.
பிறகு வானம் இந்தச் சமவெளியை மறந்துவிட்டது.
ஏப்ரல் கடைசியில் வயல் முழுக்க
கிழட்டு நாயின் மயிர் நிறத்தில் சாய்ந்து கிடந்தது.
ஒரு வளையம் தவிர.

வளையம் என்றும் சொல்ல முடியாது,
கொக்கி பூட்டாத கம்மல் போல ஒரு பக்கம் திறந்தது.
இரண்டு ஆள் அகலம், இடுப்பளவு உயரம்,
வெட்கமில்லாத பச்சை.

தொல்லியல் அலுவலகத்து எர்சிலியா
வண்டியை நிறுத்தும் முன்பே கூவினாள்:
"இருபது வருஷத்தில் இப்படி ஒரு வருஷம் வாய்த்ததில்லை!"
பிறகு என் முகத்தைப் பார்த்தாள்,
வாயைப் பொத்திக்கொண்டாள்.
ஆனாலும் ட்ரோனை ஏற்றினாள். அவள் வேலை அது.

சின்னத் திரையில் என் நஷ்டம் முழுவதும் தெரிந்தது.
நடுவே அகழி,
ஏழாயிரம் ஆண்டுக்கு முன் யாரோ வெட்டியது.
கொழுவையே மழுங்கடிக்கும் சுண்ணாம்பு ஓட்டை
கல்லாலோ கொம்பாலோ உடைத்து
ஆள் உயரத்துக்கு இறங்கியிருக்கிறார்கள்.

எதற்கு?
பகைவனுக்கு என்றால் ஒரு தாவலில் தாண்டிவிடுவான்.
ஆட்டுக்கு என்றால் நாலு முள்செடி போதுமே.
குளிர்கால வெள்ளம் வடியவா, தண்ணீர் தேக்கவா,
இது எங்கள் வீடு என்று தங்களுக்கே சொல்லிக்கொள்ளவா?
எர்சிலியா மூன்று விதமாகப் பதில் சொன்னாள்.
மூன்றும் 'தெரியாது' தான்.
அஸ்பாரகஸ் அறுக்க வந்திருந்த எப்ரிமா
திறப்பு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டான்.
கிழக்கு, என்றேன்.
"அப்படியானால் காற்று மேற்கு," என்றான்,
கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கல்யாணமான வருஷம்
அங்கே கட்டில் அளவில் ஒரு குழி தோண்டிப் பார்த்தார்கள்.
சாம்பல். சிவப்புக் கோடிட்ட பானை ஓடு.
உடைந்த திரிகைக் கல்.
எல்லாவற்றுக்கும் அடியில், முழங்காலை மடக்கி
ஒரு பெண்.
அவள் முழங்கைக்கு அருகே ஆட்டின் தாடை.
குப்பையா, படையலா?
இரண்டுக்கும் ஒரே இடம் வைத்திருந்தவர்களிடம்
அதை எப்படிக் கேட்பது.

ஆக, பச்சைக்குக் காரணம் இதுதான்:
சுற்றிலும் ஒரு முழ மண், அதன் கீழே பாறை.
அகழியில் மட்டும் கறுத்த மண், ஆழமாக,
அவர்கள் தின்றது, எரித்தது, உடைத்தது, அவர்களே.
பிப்ரவரியின் அந்த ஒரு மழையை
அது இன்னும் விடாமல் பிடித்திருந்தது.

காப்பீட்டுக்காரர் லத்தான்சியோ
அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்.
"நஷ்டம் தொண்ணூற்றிரண்டு சதவீதம்."
மீதி எட்டு?
"அது நிற்கிறதே, அம்மா."
அதை நான் வளர்க்கவில்லை என்றேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
எட்டைக் கழித்துவிட்டார்.

இவ்வளவுக்கு அறுவடை வண்டி வராது.
ஜூனில் நானே புல்வெட்டியால் அறுத்தேன்,
அந்தத் திருப்பத்தை ஒட்டியே வளைந்து வளைந்து.
ஆறு மூட்டை. ஒரு மூட்டையை விற்கவில்லை.
ஏன் என்று மகன் கேட்டான்.
மாவு தேவைப்படும் என்றேன், பொய்யுமில்லை.

இருட்டிய பிறகுதான் நினைவு வந்தது,
தண்ணீர்க் குப்பி வளையத்துக்குள்ளேயே கிடக்கிறது.
நேராக நடந்தால் இருபது எட்டு.
நிலம் மட்டம்தான், தாள் மட்டும்தான் குத்தும்,
தாண்ட அங்கே ஒன்றுமே இல்லை.

சுற்றிப் போய்
கிழக்குப் பக்கமாக நுழைந்தேன்.